பதினெட்டு இஞ்சுக்கு மேல் ஏறாத பேரம்

மரம் அறுக்கும் மெஷினுக்குப் பார் வாங்க வருகிறவர், தன் மெஷினைப் பார்த்து வாங்குவதில்லை. பக்கத்து ஊர்க்காரன் மெஷினைப் பார்த்து வாங்குகிறார். பார் என்றால், செயின் சுற்றி ஓடுகிற அந்த நீண்ட இரும்புப் பட்டை. சங்ககிரியில் அதை விற்றுப் பிழைக்கிறேன். கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று தொண்டை வறண்ட அத்தனை பேருக்கும் இது புரியும்.

இஞ்சுப் பேரம்

எருமப்பட்டி ராசப்பன் தன் மெஷினை அரிசிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தான். சின்ன மெஷின். அதற்கு இருபத்தைந்து இஞ்சுப் பார் வேண்டும் என்றான். பதினெட்டுதான் தருவேன் என்றேன். இருபத்திரண்டுக்கு இறங்கினான். விலையில் எத்தனையோ பேரிடம் இறங்கியிருக்கிறேன், இதில் இறங்கவில்லை.

நீளப் பாரை மாட்டி, முன்கைப்பிடியில் மட்டும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பாரின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. "இதை நாள் பூரா உன் மணிக்கட்டுதான் தூக்கோணும். மரத்தைத் தாண்டி நீட்டற நுனி எதுல படுதுன்னு உனக்குத் தெரியாது. பட்டா மூஞ்சிக்குத்தான் எகிறும்" என்று கத்தினேன். அவன் பொறுமையாக மெஷினைச் சாக்கில் சுற்றினான்.

"தோட்டத்துக்காரரு என் மூஞ்சியப் பாத்துங்களாண்ணா வேலை குடுக்கறாரு? பார் நீளத்தப் பாத்துத்தானுங்க குடுக்கறாரு."

தையல்

வேறு கடையில் வாங்கிவிட்டான். கொஞ்ச நாளில் இடது தோளில் தையலும் கட்டுமாக வந்தான், கூடவே அவன் சம்சாரம் மல்லிகா. வேப்பங்கட்டை அறுக்கும்போது நுனி பின்னால் கிடந்த கிளையில் பட்டிருக்கிறது. மெஷின் எகிறி, செயினைச் சட்டென்று நிறுத்தும் பிரேக் விழுந்ததால் கழுத்து தப்பித்து, தோளோடு போயிருக்கிறது.

அன்றைக்கே சொன்னேனே என்று எனக்கு வாய்வரை வந்தது. தோளில் இருந்த கட்டைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தோட்டத்தில் பெரிய புளியமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன, குட்டைப் பாரோடு போனால் அந்த வேலை போய்விடும் என்று அப்போதும் முனகினான். பதினெட்டு இஞ்சு, மூக்கு ஒடுங்கின, அவ்வளவாக எகிறாத பாராக எடுத்து மேசையில் வைத்தேன். தோள் ஆறும்வரை தொடாதே என்றேன். அவன் கையை நீட்டவில்லை. மல்லிகா எடுத்துப் பையில் போட்டாள்.

"வேலை போனா வேற வேலைக்குப் போலாமுங்க. கை போனா, நாந்தானுங்களே ஊட்டி உடோணும்."

புளியமரம்

தோள் ஆறி அவன் வேலைக்குப் போன முதல் நாள், நானும் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரர் குட்டைப் பாரைப் பார்த்துச் சிரித்தார். "இது வெறகு ஒடைக்கவா?" அடிமரம் பாரைவிட அகலம். ராசப்பன் முகம் கறுத்துவிட்டது.

"இந்தப் பக்கம் பாதி அறு, ஆப்பு வை, அந்தப் பக்கம் வந்து மீதி அறு" என்றேன். அவனுக்குத் தெரியாததல்ல, அவர் முன்னால் செய்யக் கூச்சம். முதல் வெட்டு முடிந்து சுற்றி வந்தான். தோளை ஒருமுறை தடவிக்கொண்டான். மறுபக்கம் செயின் இறங்கியது. கட்டை இரண்டாக விலகி மண்ணில் அமர்ந்தது.

தோட்டத்துக்காரர் வெட்டுமுகத்தைத் தடவினார். இரண்டு வெட்டும் நேராகச் சேராமல் நடுவில் விரல் கனத்துக்கு ஒரு படி. பலகைக்கு ஆகாது, கூலியைக் குறைக்கணும் என்றார். வந்ததே எனக்குக் கோபம். அந்தப் படியை இழைப்புளியால் இழைத்துக்கொள்ளலாம், இவன் தோளை எதால் இழைப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்குமேல் பேசியதை எழுத முடியாது. ராசப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், தன் வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று. தோட்டத்துக்காரர் அந்தத் தோளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிச்ச மரத்தையும் ராசப்பனே அறுக்கட்டுமுங்க, அதே கூலிக்கு. நீங்க மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க."

கடைக்காரனை விரட்டிவிட்டு வேலைக்காரனை வைத்துக்கொள்கிறார்கள் என்றால், விற்ற சாமான் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று நம்மைப் போன்றவர்கள் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.