சிம்னி மேல் நின்ற ஏழு நிறம்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேஃப்டி ஆபீசர் என்றால் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். எங்கேயாவது எண்ணெய் சிந்தியிருக்கும். எனக்கோ வானத்தைப் பார்க்கும் கெட்ட பழக்கம். சூரியனைச் சுற்றி வட்டம் விழுந்தால் கையை நீட்டி அளக்காமல் விடமாட்டேன்.

ஒரு நாள் லஞ்ச் பெல் அடித்து வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கள் பாய்லர் சிம்னிக்கு நேர் மேலே, மெல்லிய மேகத்தில், சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு பட்டை.

எம்.டி. ஏசி ரூமிலிருந்து ஓடி வந்தார்.

“ஐயோ, கெமிக்கல் லீக்! பாய்லர்ல யாரு?”

“ஏழுமலை சார்,” என்றார் சூப்பர்வைசர்.

“அவன இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்புங்க! பொல்யூஷன்காரங்க வந்தா நான் என்ன சொல்றது?”

எங்கள் கம்பெனி வழக்கம் அது. முதலில் ஆளை அனுப்புவோம், பிறகு காரணம் தேடுவோம். அதற்கு ‘ரூட் காஸ் அனாலிசிஸ்’ என்று ஒரு ஃபார்மும் உண்டு.

ஏழுமலை சாப்பாட்டு டப்பாவோடு என்னிடம் வந்தான். “மேடம், மெயின்டனன்ஸுக்காகக் காலைலயே பாய்லர நிறுத்தியாச்சு. நான் ஒண்ணுமே பண்ணல. இப்பதான் பொண்ண ஸ்கூல்ல சேத்திருக்கேன்.”

எம்.டி.யிடம் போனேன். “சார், பாய்லரே ஓடல. அது ஐஸ். உயரத்து மேகத்துல இருக்கற ஐஸ் துகள்ல வெயில் பட்டு வர்ற நிறம். கைய நீட்டி சூரியன்லேருந்து கீழ ரெண்டு சாண் அளங்க, பட்டை அங்க இருக்கும். சிவப்பு மேல் பக்கம்.”

“இந்த வெயில்ல ஐஸா? என்ன மேடம், தமாஷா?”

வாயால் சொன்னால் எடுபடாது. சிம்னியைத் தாண்டி கேட் வரைக்கும் அவரை நடத்திக் கூட்டிப் போனேன். ஏழுமலையும் டப்பாவோடு பின்னாலேயே வந்தான்.

“இப்ப பாருங்க சார்.”

பட்டை இப்போது எதிர்க் கம்பெனியின் சிம்னிக்கு மேல் இருந்தது. நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும் என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ லீக் அவங்களுது! மேடம், உடனே கம்ப்ளெயின்ட் ட்ராஃப்ட் பண்ணுங்க. ஏழுமல, நீ போய் சாப்டுப்பா.”

மறுக்க வாயைத் திறந்தேன். ஏழுமலை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

என் சீட்டுக்குத் திரும்பியதும் போன். பின்பக்கக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர்.

“மேடம், உங்க சிம்னி மேல என்னமோ கலரா வருதாம். கம்ப்ளெயின்ட் எழுதுன்னு எங்க பாஸ் குதிக்கறாரு.”

“எழுதுங்க சார். நானும் ஒண்ணு எழுதிட்டுதான் இருக்கேன். மெதுவா எழுதுங்க, மேகம் கலையட்டும்.”

நான் தேதி போட்டு முடிப்பதற்குள் கலைந்துவிட்டது.

சேஃப்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் இன்றும் சொல்வது இதுதான். பட்டை எதுவென்று கண்டுபிடிக்க இரண்டு சாண் போதும். முதலாளிக்குப் புரியவைக்க எத்தனை சாண் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழுமலையைக் காப்பாற்ற மட்டும், கேட் வரை நடந்தால் போதுமாயிருந்தது.