மூக்குக்கு எட்டாத ஒயின்

மில்லர்புரத்தில் என் தோழி நடத்திய பிஸ்ட்ரோவில், அதாவது சின்ன பிரெஞ்சு உணவகத்தில், மொத்தமே ஆறு மேசைகள். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வெண்ணெயில் அவள் வதக்கும் நண்டுக்காகவே திருநெல்வேலியிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

கப்பலில் எஞ்சினியராக இருக்கும் எங்கள் கல்லூரி நண்பன் விடுப்பில் வந்தபோது, பிரான்சிலிருந்து இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். கடைக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். தோழி ஆட்டுக்கறி ஸ்டூ வைத்திருந்தாள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் இளைத்துப் போயிருந்தாள். அதனால்தான் பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதல் பாட்டில் சிரிப்பும் கதையுமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவதை அவளே திறந்தாள். கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கைக் கிளாசுக்குள் விட்டாள்.

"அடேயப்பா, என்ன வாசம்!" என்றபடி எங்களுக்கும் ஊற்றினாள்.

நான் கிளாசை வாயருகே கொண்டுபோனேன். மழையில் நனைந்து பூசணம் பூத்துப்போன சாக்கு நாற்றம். நண்பனும் முகத்தைச் சுளித்தான்.

"ஏளா, கார்க் கெட்டுப்போயிருக்கு. இது நாறுது. உனக்குத் தெரியலையா?" என்றான்.

அவள் பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"காய்ச்சலோட வாசமே போயிட்டு," என்றாள். "காப்பி தெரியல, மீன் தெரியல. நேத்து வெங்காயம் கருகிப் புகை கண்ணுல பட்ட பெறவுதான் அடுப்ப அணைச்சேன். யார்ட்ட சொல்ல? மூக்கு இல்லாதவ சமைக்கான்னா எவன் வருவான்?"

முதல் பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தன் கிளாசில் கவிழ்த்தாள். "இதுல என்ன வருது? சொல்லுங்க."

"நாவப்பழம்," என்றான் நண்பன். அவள் மூச்சை இழுத்தாள்.

"கொஞ்சம் மிளகு," என்றேன் நான். மறுபடி இழுத்தாள்.

"மழ பேஞ்ச செம்மண்ணு. உடன்குடிப் பக்கம் இருக்கும்லா, அது மாதிரி," என்றான் நண்பன்.

எதுவும் வரவில்லை. எழுந்து சமையலறைக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் போவதற்குள் டப்பாக்களை எல்லாம் திறந்து போட்டிருந்தாள். கிராம்பை நசுக்கி மூக்கருகே வைத்தவள் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டாள். "எரியுதுளா. எரிச்சல் மட்டும் தெரியுது. வாசம் எங்க?" கருவாட்டைக் கையில் எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். நான் பிடுங்கப் போனேன், விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நண்பன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

மறுநாள் நானே அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வரலாம், வராமலும் போகலாம், காத்திருங்கள் என்றார் அவர். அவள் காத்திருந்தாள். சில மாதம் நான் ருசி பார்த்துச் சொல்ல, அவள் சமைத்தாள். ஒருநாள் கெட்ட இறால் என் மூக்குக்கும் தப்பி ஒரு குடும்பத்தின் மேசைவரை போய்விட்டது. அன்றோடு கடையை மூடினாள்.

இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வாசம் திரும்பவில்லை. போன வாரம் நண்பன் கப்பலிலிருந்து போன் செய்தான்.

"எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கா," என்றேன்.