பட்டு என்றால் இரண்டு பேர்

பீயும் வாந்தியும் ஈரம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. குழந்தைகள் காப்பகத்துக்கு வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் துடைப்பம் பிடித்தவள். எந்த நாற்றமும் அவளைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியது கிடையாது. அவளுக்குக் குமட்டல் எடுக்க வைப்பது வேறு ஒன்று. காலை எட்டரைக்கு வாசலில் நின்றுகொண்டு, பெற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி, "வாடா தங்கம், வாம்மா பட்டு" என்று மேனேஜர் மேடம் இழுப்பாளே, அந்தக் குரல். பெற்றவர்கள் தெருமுனை திரும்பியதும் மேடம் பைக்குள்ளிருந்து வாசனைக் காகிதம் ஒன்றை உருவி, பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்ட விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். 

ஈரம்மா என்பது அவள் சொந்தப் பெயர் இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகளின் அடியையும் மூக்கையும் கழுவிக் கழுவி அவள் கை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். அந்தக் கை கன்னத்தில் பட்டதும் பிள்ளைகள் சிலிர்த்துக்கொள்ளும். பேசப் பழகிய ஒன்று, "ஈரம்மா" என்றது. மற்றதெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டது.

அவளும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பாள். ஆனால் வந்த அன்றே வைக்கமாட்டாள். இரண்டு வாரம் பார்ப்பாள். எது எப்படித் தூங்குகிறது, எதற்கு அழுகிறது, எந்தக் கையால் பிடுங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வாயிலிருந்து பெயர் வரும். தினமும் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வருகிறவன் ஒத்தச்செருப்பு. தட்டில் என்ன வைத்தாலும் முதலில் மோந்து பார்க்கிறவன் மோப்பம். பால் புட்டி பாதி காலியாவதற்குள் கண் சொருகிவிடுகிற ஒரு பெண் குழந்தை கொட்டாவி. இன்னொருத்திக்கு இரண்டரை வயது. மத்தியானம் பாயில் கிடத்தி, "தூங்கு" என்றால், "ஏன்? நான்தான் முழிச்சிருக்கேன்ல?" என்று கேட்பாள். அவள் வக்கீல்.

வக்கீலுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் போனாலும் உடம்பு தடித்துவிடும். அவளுக்கென்று நீல மூடி போட்ட தனி டப்பாவில் மாவு இருக்கும், வெந்நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஈரம்மா சமையல்மேடைச் சுவரில் கரிக்கோடு மாதிரி தடித்த எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்: "வக்கீல், நீல மூடி."

இந்தப் பெயர்களுக்கு ஆபத்து வந்தது ஒரு சிரிப்பால். கொட்டாவியின் அப்பா ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டார். "கொட்டாவி, அப்பா வந்தாச்சு!" என்று ஈரம்மா உள்ளே பார்த்துக் கத்தினாள். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "வீட்லயும் இதே கதைதாங்க" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அலுவலக அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த மேடத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மறுநாள் பாய் அறைச் சுவரில் ரோஜா நிறக் காகிதம் ஒன்று ஏறியது. ஓரமெல்லாம் ஜிகினா. "நம் குழந்தைகளை இப்படி அழைப்போம்" என்று தலைப்பு. கீழே தங்கம், பட்டு, செல்லம், ஏஞ்சல், ஸ்வீட்டி, குட்டிமா.

"இருபத்திரண்டு பிள்ளைக்கு ஆறு பேருதானா மேடம்?"

"அன்புக்குப் போய்க் கணக்குப் பாக்கலாமா தங்கம்?"

ஈரம்மாவையும் அவள் தங்கம் என்றுதான் கூப்பிடுவாள். காய்கறிக்காரரையும் அப்படித்தான்.

"வக்கீலு, கொட்டாவி இதெல்லாம் இனிமே வாய்ல வரக்கூடாது. கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. சுவத்துல எழுதியிருக்கறதையும் அழிச்சிடுங்க."

ஈரம்மா அழித்தாள். ஈரத் துணியால் அழித்த இடம் நாலு நாள் திட்டாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், பஸ் ஓட்டுகிற புருஷனிடம் இதைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அப்போ எனக்குச் சோறு போடு பட்டு" என்றார்.

கையிலிருந்த துண்டு அவர் முகத்தில் போய் விழுந்தது. "இன்னொரு தடவை அந்த வார்த்தை சொன்னீங்க, நான் வாந்தி எடுத்துடுவேன்."

"ஊரான் பிள்ளை வாந்தியெல்லாம் அள்ளுறவ, என் ஒரு வார்த்தைக்கா எடுப்பே?"

"அது குடிச்ச பாலு. இது வேற."

அடுத்த வாரம் ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்தாள். பத்தொன்பது வயது, எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற சுபாவம். ரோஜாக் காகிதத்தைப் பார்த்துத்தான் அவள் பிள்ளைகளைப் படித்தாள். வாசலில் மேடம் கொட்டாவியைப் பார்த்து, "வாம்மா பட்டு" என்றதை முதல்நாளே மனசில் குறித்துக்கொண்டாள். மேடம் வக்கீலையும் அதே பட்டு என்றுதான் கூப்பிடுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. வக்கீல் கொஞ்சம் நேரம் கழித்து வருகிற பிள்ளை. அவளுக்கு மாவு கரைத்துக் கொடுப்பது எப்போதும் ஈரம்மாதான், நீல மூடி விஷயம் புதுப் பெண்ணின் காதுக்கு வரவில்லை.

புதுப் பெண் வந்த நாலாம் நாள், காலை பதினோரு மணி. ஈரம்மா குளியலறையில் மோப்பத்தை இடுப்புக்குக் கீழே கழுவிக்கொண்டிருந்தாள். பாதி திறந்த கதவு வழியாகப் பாயின் ஒரு மூலை தெரிந்தது. அங்கே வக்கீல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுப் பெண்ணின் முதுகு, கையில் பால் புட்டி. யாருக்குக் கொடுக்கிறாள் என்று தெரியவில்லை. ஈரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வக்..." என்று வாய் திறந்துவிட்டாள். அதே நொடியில் அலுவலக அறைக் கதவு திறந்தது. பிள்ளையைச் சேர்க்க வந்த புதுப் பெற்றோருக்கு இடம் காட்டிக்கொண்டு மேடம் வெளியே வந்தாள். பாதி வார்த்தை தொண்டையோடு நின்றது. மீதிக்கு வேறு ஒன்று வந்து விழுந்தது.

"பட்டுக்குப் பால் குடுத்துடாதே!"

புதுப் பெண் அதுவரை சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். புட்டி இருந்தது கொட்டாவியின் வாயில். ஈரம்மாவின் குரலைக் கேட்டதும், ஆள் மாறிவிட்டது என்று நினைத்துப் பதறி அதைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த வக்கீலிடம் கொடுத்தாள்.

"இது என் டப்பா இல்ல" என்றாள் வக்கீல்.

"குடிச்சிடும்மா செல்லம், சமத்து."

"என் டப்பா நீலம்."

"நீலமோ பச்சையோ, குடி."

மேடம் பெற்றோர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, எங்க குழந்தைங்க எவ்வளவு அழகா பேசுறாங்க" என்றாள்.

குழாய்ச் சத்தத்தில் இந்தப் பேச்செல்லாம் ஈரம்மா காதில் விழவில்லை. கத்தியாயிற்று, பெண் புட்டியை மாற்றிவிட்டாள் என்று நினைத்து ஈரம்மா மோப்பத்தைத் துடைத்து ஜட்டி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் வக்கீலின் கழுத்தில் சிவப்புத் திட்டு ஏறிவிட்டது. உதடு உப்பிக்கொண்டிருந்தது. ஈரம்மா யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கிற கிளினிக்குக்கு வெறுங்காலோடு ஓடினாள். வழியில் வக்கீல் அவள் தோளில் வாந்தி எடுத்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. டாக்டர் ஊசி போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் அந்த விசில் நின்றது. கண் திறந்த பிள்ளை கரகரத்த குரலில், "நான் சொன்னேன்ல?" என்றாள்.

ஈரம்மா அன்று தோளை மூன்று தடவை கழுவினாள். வாந்தி முதல் தடவையிலேயே போய்விட்டது. வாய் கழுவிக் கழுவித் துப்பியும் அந்தப் பட்டு என்கிற வார்த்தை மட்டும் நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தது. வாயில் வந்த சரியான பெயரை விழுங்கிவிட்டு, எவளோ எழுதி ஒட்டியதைத் துப்பியது தன் வாய்தானே.

மறுநாள் காலை அலுவலக அறையில் மூன்று பேர். மேடம், வக்கீலைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அம்மா, நின்றபடி ஈரம்மா. மேஜையில் டைப் அடித்த காகிதம். மேடம் அதைப் படித்துக் காட்டினாள். பணியாளர், விதிகளை மீறிப் பட்டப்பெயர் சொல்லிக் குழந்தைகளை அழைக்கும் பழக்கத்தால் நேர்ந்த தவறு. முழுப் பொறுப்பும் அவரையே சேரும். இன்றே தானாக விலகிக்கொள்கிறார்.

"ஒரு கையெழுத்து போட்டுடுங்க தங்கம். அவங்களுக்கும் மனசு ஆறும்."

ஈரம்மாவுக்கு வேலை போவது பற்றிய பயம் இருந்தது. புருஷனுக்கு முதுகு சரியில்லை, எந்த மாதம் வேண்டுமானாலும் பஸ் வேலையை விட்டுவிடுவார். ஆனால் கத்தியது தான்தான், அதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருந்த பெயரைப் பார்த்தாள். கண்ணைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள்.

"மேடம், இது நான் இல்லைங்க."

"என்ன?"

"இது எனக்கு முன்னாடி இருந்த ஆயா பேரு. அவங்க போய் அஞ்சு வருஷம் ஆச்சு."

 பழைய காகிதம். தேதியையும் தவறுக்கான காரணத்தையும் மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அந்த ஆயாவும் இதே நாற்காலிக்கு முன்னால் நின்று இதே மாதிரி வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். மலக்குழியின் மூடியைத் திறந்த மாதிரி இருந்தது ஈரம்மாவுக்கு.

வக்கீலின் அம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"என் பொண்ணு பேர் என்னங்க?"

"ஐயோ, நம்ம பட்..." மேடத்தின் கை தானாக மேஜை டிராயரில் இருந்த பதிவேட்டைத் தேடிப் போயிற்று.

"விடுங்க, தேடாதீங்க."

ஈரம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். பழைய ஆயாவின் பெயரை அடித்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் தன் பெயரை எழுதினாள். வரிகளையும் அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: "பட்டுக்குப் பால் குடுக்காதே என்று கத்தினது நான். இங்கே பட்டு ரெண்டு பேர். ரெண்டுமே மேடம் வெச்ச பேர். நான் வெச்ச பேர் வக்கீல். அதைச் சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காது. பயந்துட்டேன்." கையெழுத்துப் போட்டு, மேடத்திடம் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்தாள்.

அவள் படித்தாள். "உங்க மேலயும் கோவம்தான் எனக்கு" என்றாள்.

"இருக்கட்டும்மா. இருக்க வேண்டியதுதான்."

வக்கீல் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஈரம்மா, இன்னிக்கு நான் இங்க இல்லையா?"

"இல்லடி வக்கீலு. அம்மாகூட போறே."

"ஏன்?"

 அம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையோடு வெளியேறினாள். அந்தப் பிள்ளை அப்புறம் அங்கே வரவில்லை.

கதவு சாத்தியதும் மேடம் வாசனைக் காகிதத்தை உருவி உதட்டுக்கு மேலே ஒற்றிக்கொண்டாள். "ஏன் தங்கம் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பேப்பரை அவங்க எங்கயாவது காட்டினா?"

"காட்டட்டும். தங்கம்னு கூப்பிடாதீங்க, அருவருப்பா இருக்கு. பேரை இப்பதான் எழுதிக் காட்டினேன்."

மேடத்துக்கு அந்தப் பெயர் நினைவில் நின்றிருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அந்தக் காகிதம் வெளியே உலவுகிற வரைக்கும் இவளை வேலையை விட்டு அனுப்பவும் முடியாது என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

ஈரம்மா பாய் அறைக்குப் போனாள். ரோஜாக் காகிதத்தைச் சுவரிலிருந்து உரித்தாள். ஜிகினா கையில் ஒட்டியது. அழுக்கு நாப்கின் போடுகிற வாளியின் அடியில் அதை விரித்து, காலையில் சேர்ந்திருந்த மூன்றையும் அதன் மேல் போட்டு மூடினாள். குழாயைத் திறந்து கை கழுவினாள். ஜிகினா போகச் சோப்பு இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. பிறகு பால் புட்டியை எடுத்துக்கொண்டு, அலுவலக அறை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"கொட்டாவி! எங்கடி இருக்கே? பால் ஆறுது!"