அந்தக் குரலுக்கு நாங்கள் பாடிய சனிக்கிழமை

காஞ்சிபுரத்தில் எனக்கு முதல் வேலை டெலிபோன் ஆபரேட்டர். எழுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் யார் யாரோடு பேசினாலும் எங்கள் கைவழியாகத்தான் பேச வேண்டும். போர்டில் சின்ன விளக்கு எரியும். கார்டு என்கிற இணைப்புக் கயிற்றை எடுத்துச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். உள்ளூர் என்றால் உடனே இணைப்பு. பம்பாய், பெங்களூர் என்றால் ட்ரங்க் கால். பதிவு செய்துவிட்டு இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் எரிச்சல் முழுவதும் எங்கள் காதில்தான் இறங்கும்.

"ஏம்மா, தூங்கிக்கினு இருக்கியா? காலையில போட்ட கால் இன்னும் வரல!"

பட்டுக்கடைக்காரர்கள் கத்துவார்கள், லாரி ஆபீஸ்காரர்கள் கத்துவார்கள். கத்துவதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று இருந்தது.

பெரிய பட்டுக்கடை ஒன்றின் விளக்கு எரிந்தால் போர்டில் இருந்த எங்கள் மூவருக்கும் கார்டை எடுக்கக் கை வராது. முதலில் இரண்டு முறை தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு வெண்ணெய் தடவினது மாதிரி ஒரு குரல். "இன்னிக்கு என்ன கலர் புடவம்மா கட்டிக்கினு இருக்க?" அது தொடக்கம்தான். "உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். நானே கட்டிவிடறேன்" என்று போய், எப்படிக் கட்டிவிடுவான் என்று மடிப்பு மடிப்பாகச் சொல்லும். அதற்கு மேல் சொன்னதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் எழுத முடியாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் காதைக் கழுவுவேன். என் அம்மா, காதில் சீழா என்று கேட்டாள்.

அந்தக் கடையில் ஆறேழு ஆண்கள் இருந்தார்கள். பேசுவது முதலாளியா, கணக்கரா, யார் என்று தெரியாது. மேற்பார்வையாளரிடம் சொன்னோம். நல்ல மனிதர்தான். தலையைக் குனிந்துகொண்டு, "லைனை கட் பண்ணிட்டு அடுத்த வேலயப் பாருங்கம்மா. எழுதிக் குடுத்தா உங்க பேருதான் கெடும்" என்றார்.

நாங்கள் மூவர் என்றேனே, ஒருத்தி என்னைவிட ஆறு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். வாய்த்துடுக்கு அதிகம், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இன்னொருத்தி என் வயதுக்காரி, செவிலிமேட்டுப் பெண். அவளுடைய அண்ணன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான் போகும். செட் வெளியே போகாத சனிக்கிழமைகளில், மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து மூன்று பேரும் அங்கே போய்விடுவோம்.

ஓட்டுக் கொட்டகை. ஒரு மூலையில் ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு ஓட்டும் பெட்டி, சுவரோரம் கவிழ்த்து வைத்த குழாய் ஒலிபெருக்கிகள். அண்ணன் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்து, மைக்கை எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தட்டை ஓடவிடுவார். பாடகியின் குரல் வரும் இடத்தில் ஓசையைக் குறைப்பார், நாங்கள் பாடுவோம். நடுவில் வயலினும் தபேலாவும் வரும்போது மறுபடி ஏற்றுவார். நாங்களே வாத்தியக் கோஷ்டியோடு மேடையில் நிற்பதுபோல் இருக்கும். அக்கா சோகப் பாட்டாகப் பார்த்துப் பாடுவாள். செவிலிமேட்டுக்காரிக்கு ஆண் குரல் பாட்டுகள்தான் பிடிக்கும். எனக்குச் சுருதி நிற்காது. ஆனாலும் கத்துவேன். நாள் முழுக்க ஊரார் வாயைக் காதில் வாங்கியவர்களுக்குத் தங்கள் வாயைத் திறக்க ஒரு இடம். ஏழரை மணி பஸ்ஸில் திரும்பும்போது தோள் லேசாகியிருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை நான் பாதிப் பாட்டில் இருந்தேன். வெளியே கார் நின்றது. பட்டு அங்கவஸ்திரமும் நெற்றி நிறைய விபூதியுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அண்ணன் எழுந்து ஓடினார்.

"வாங்கய்யா, வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"பையனுக்குக் கல்யாணம்பா. மூணு நாளும் உன் செட்டுதான்" என்றார் அவர். பிறகு எங்கள் பக்கம் திரும்பி இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்கம்மா."

மைக் என் கையில் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. மூவருக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அந்தப் பட்டுக்கடையின் முதலாளி, கோயில் உற்சவத்துக்கு உபயம் செய்கிறவர், தெருவில் போனால் நாலு பேர் கும்பிடுகிற மனிதர்.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. தங்கை அவரிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டார். "ஐயா கேக்கறாரு இல்ல, பாடும்மா" என்று அவர் தட்டை மறுபடி வைத்தார்.

நான் பாடினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வாயில் எச்சில் ஊறிக் கசக்கிறது. மூன்று நாள் கல்யாண வேலை அண்ணன் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று பாடினேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பயம். அவர் பெஞ்சில் சாய்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். டிரைவரை அனுப்பி போண்டா வாங்கிவரச் சொன்னார். எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தை அவரே பிரித்து நீட்டினார். எடுத்துக்கொண்டேன். ஒரு கடி கடித்தேன். விழுங்க முடியாமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பாடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போர்டில் உட்கார்ந்து பேசும் குரலில், நிறுத்தி நிதானமாக, "நம்பர் ப்ளீஸ்" என்றாள்.

அவர் கண் திறந்தது. இப்போது கூனிக்குறுகப் போகிறார், அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்து ஓடப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார்.

"அடடே, நீங்கதானா அது! குரல்ல கேட்டதவிட நேர்ல நல்லாத்தான் இருக்கீங்க" என்றார்.

அண்ணனும், ஏதோ வேடிக்கை என்று நினைத்து, கூடச் சிரித்தார்.

கார் போன பிறகு நான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். செவிலிமேட்டுக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. "வெக்கமே இல்லாதவன வெக்கப்படுத்த முடியாது. அவன் யாருக்குப் பயப்படுவானோ அவங்க காதுல விழணும்" என்றாள்.

அவளுடைய திட்டம் எளிமையானது. அவருக்குக் கடையில் ஒரு எண், வீட்டில் ஒரு எண். அவர் ஆரம்பித்ததும் வீட்டு எண்ணை அழைத்து, கால் வருகிறது என்று சொல்லி, இரண்டையும் இணைத்துவிட வேண்டும். வீட்டுக்கார அம்மா கேட்கட்டும். விதிப்படி அது பெரிய குற்றம், தெரிந்தால் வேலை போகும். யார் போர்டில் விளக்கு எரிகிறதோ அவள் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். காலை பதினொரு மணிக்கு என் போர்டில்தான் எரிந்தது.

"யாரு, போண்டாக்காரியா?" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "இன்னிக்குப் பாட்டு இல்லயா?" அதைத் தொடர்ந்து வழக்கமானது வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று, அவருக்குக் கேட்காதபடி போர்டில் சாவி என்கிற சுவிட்சைத் தள்ளிவிட்டு வீட்டு எண்ணுக்கு மணியடித்தேன். எடுத்தார்கள்.

"எக்சேஞ்சுங்க. உங்களுக்கு ஒரு கால் வருது. பேசாம லைன்லயே இருங்க."

"சரிங்க."

இளங்குரல். இருபது வயதுகூட இருக்காது. நாங்கள் நினைத்த ஆள் இல்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. குரலை வைத்து ஆளை எடைபோடுவதுதானே என் தொழில்? தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. கார்டைச் செருகினேன்.

"சார், சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன்.

நான் அப்படிக் கேட்டதில் அவருக்கு அளவற்ற சந்தோஷம். முதலிலிருந்து, முன்னைவிட விளக்கமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். இன்னொரு முனையில் மூச்சு ஓசை மட்டும் கேட்டது. பிறகு ரிசீவரை வைத்தார்கள். அறைந்து வைக்கவில்லை. கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல மெதுவாக வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நடுத்தர வயது அம்மா ஒருவர் எக்சேஞ்சுக்கு வந்தார். அரக்கு நிறப் பட்டு, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். நேற்று முன்தினம் காலை யார் வேலையில் இருந்தது என்று வாசலில் கேட்டாராம். நான் வெளியே போனேன்.

"நீதானாம்மா?"

"ஆமாங்க."

திட்டுவார், மேலே எழுதிப் போடுவார் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எனக்குக் கேக்கணும்னு பண்ணியிருப்ப. எனக்குத் தெரியாததா? இருவத்தஞ்சு வருஷமா தெரிஞ்சுக்கினேதான் இருக்கேன். அன்னிக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன். எடுத்தது என் மருமவம்மா."

உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி வாசல் கதவைச் சாத்தினேன்.

"வந்து ஒரு மாசம் ஆவல. மாமனாரு வூட்டுக்குள்ள வந்தா அந்தப் பொண்ணு ரூம்ல போயி தாப்பாள் போட்டுக்குது. தண்ணி குடுக்கச் சொன்னா செம்ப வாசப்படியிலயே வெச்சிட்டு ஓடுது. புருஷன்கிட்ட சொல்லவும் முடியல. சொல்லுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அது என்ன பாவம் பண்ணுச்சு, சொல்லு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

கடையிலிருந்து அந்த அழைப்புகள் அத்தோடு நின்றன. அந்த அம்மா வீட்டில் என்ன சொன்னாரோ, தெரியாது. ட்ரங்க் கால் பதிவு செய்யக் கணக்கர் மட்டும் பேசுவார், எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"நின்னுச்சா இல்லயா? அத பாரு" என்றாள் அக்கா.

"அந்தப் பொண்ணு குரல் எனக்குத் தெரிஞ்சுதுக்கா. தெரிஞ்சேதான் போட்டேன்."

அக்கா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

செவிலிமேட்டுக் கொட்டகைக்கு அதன் பிறகு நாங்கள் போகவில்லை. அண்ணன் தங்கையிடம் இரண்டு முறை கேட்டனுப்பினார், பிறகு விட்டுவிட்டார். அந்த மனிதர் மேல் இருந்த அருவருப்பு இம்மியும் குறையவில்லை. உற்சவத்தில் சாமிக்கு முன்னால் அவர் கைகூப்பி நடந்து போவதைப் பார்த்தால், நான் பக்கத்துச் சந்துக்குள் போய்விடுவேன். ஆனால் காதைக் கழுவினால் போகிற அழுக்கு மட்டும் இல்லை இப்போது.

ஆடி மாதம் என்று நினைவு. அந்த வீட்டு எண்ணின் விளக்கு எரிந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"சேலத்துக்கு ஒரு ட்ரங்க் கால் வேணுங்க. எங்க அம்மா வீட்டுக்கு" என்றது அந்த இளங்குரல். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. சேலம் லைனில் இருந்த பெண்ணைக் கெஞ்சி, வரிசையில் இருந்த எல்லோருக்கும் முன்னால் அவளுடைய அழைப்பைப் போட்டேன். "அம்மா" என்று அவள் சொன்னதும் சாவியைத் தள்ளிவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவள் நெடுநேரம் பேசினாள். விளக்கு அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.