நான்கு அங்குல வளையம்

யுத்த காலத்தில் பெங்களூர் ராணுவத் தண்டுப் பக்கத்துத் துப்பாக்கி மைதானத்தில் எனக்கு வேலை. இலக்குப் பலகைக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் குந்தியிருந்து, சுட்டு முடிந்ததும் தோட்டா ஓட்டைகளை அளந்து எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து குண்டு. அளக்க மூன்று கம்பி வளையங்கள். அதில் சின்னதான நான்கு அங்குல வளையத்துக்குள் ஐந்தும் அடங்கினால் முதல் தரம். பலகையில் எந்த மூலையில் பட்டாலும் கவலையில்லை, நெருக்கமாகப் பட்டதா என்பதுதான் கணக்கு. சுடுகிற புது ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

என் தங்கை புருஷன் பட்டாளத்தில் தச்சனாகச் சேர்ந்தவன். அப்போது முதல் தரக்காரர்களை உடனே பர்மாச் சண்டைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் இங்கேயே பட்டறையில் இருந்தார்கள். அவன் பரீட்சைக்கு முந்தின நாள் தங்கை ஏழு மாச வயிற்றோடு அடுகோடியிலிருந்து நடந்தே வந்தாள்.

"அண்ணே, உன் கையிலேதானே இருக்கு, எப்படியாவது அவரைப் பரீட்சையிலே தள்ளிவிட்டுடு" என்று அழுதாள்.

"பக்கத்திலே வெள்ளைக்காரத் துரை நிக்கிறான். பொய் எழுதிட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?" என்று எரிந்து விழுந்தேன். குண்டுகளைச் சிதறவிடச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபத்தில் தோன்றவில்லை.

மறுநாள் அவன் பலகையை இறக்கினோம். நடுக் கறுப்பில் ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. பிறகு இடது கீழ்மூலையைப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளும் அங்கே ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. பைத்தியக்காரன், தப்பாகச் சுட வேண்டும் என்று மூலையைக் குறிவைத்து, மூச்சை அடக்கி, ஆணி அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறான்.

வேண்டுமென்றே பெரிய வளையத்தை எடுத்தேன். துரை சின்னதைக் காட்டினான். அதை ஓரமாக வைத்து ஒரு ஓட்டையை வெளியே விட்டேன். அவன் வளையத்தைப் பிரம்பால் லேசாகத் தட்டினான், ஐந்தும் உள்ளே. "ஷாபாஷ்!" என்றான். முதல் தரம் என்று எழுதினேன். என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வேலை முடிந்து மேலே ஏறியபோது தங்கை புருஷன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"பாத்தீங்களா மச்சான், ஒண்ணுகூட கறுப்புலே படலை! ஃபெயில்தானே? முதல்லே அவகிட்ட போய்ச் சொல்லிடுங்க. ரெண்டு நாளா அவளுக்குச் சோறு எறங்கலே."

சரி என்று தலையாட்டிவிட்டு அடுகோடிக்கு நடந்தேன்.