பேராதனை விலாசம்

கண்டியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் மஹய்யாவயில் பிறந்த நான், பதினாறு வயதில் அங்கே பிறக்காதவளாக ஆகிவிட நினைத்தேன். அம்மா நகரசபையில் தெருக் கூட்டினாள். பள்ளிக்கூடத்தில் எங்கள் இடத்தின் பெயரைச் சொன்னாலே முன்வாங்கில் உட்காரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் அடையாள அட்டைக்கு எழுதிப்போடும் நேரம் வந்தபோது, பேராதனையில் விடுதிச் சமையல்காரராக இருந்த சித்தப்பாவின் குவார்ட்டர்ஸ் விலாசத்தைத்தான் போட வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா திட்டினார். அம்மாதான் சித்தப்பாவிடம் போய், நான் அவர் வீட்டில் இருப்பதாக ஒரு கடிதம் வாங்கி வந்தாள். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அப்படியொரு திமிர் எனக்கு.

அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து எங்கள் லைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பத்திரிகை வாசிப்பாள். வடக்கில் சண்டை மூண்டால் கண்டியில் நமக்கு என்ன வரும் என்று அவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் குரலே வேறாக இருக்கும்.

எங்கேயோ குண்டு வெடித்த மறுநாள் காலை, அம்மா வேலைக்குப் போனபின், பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது. மஹய்யாவ விலாசம் இருந்தவர்களை அட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் அனுப்பினார்கள். என் அட்டையில் மட்டும் பேராதனை. இங்கே என்ன வேலை என்றார்கள். பிறந்ததே இங்கேதான் என்றேன். அப்படியானால் அட்டை பொய்யா என்றார்கள்.  ஜீப்பில் ஏற்றினார்கள்.

அம்மா சீருடையோடு பொலிசுக்கு ஓடிவந்தாள். பின்னால் லைன் பெண்கள் பத்துப் பேர். விலாசம் ஏன் மாறியது என்று பொலிஸ் பெரியவர் என்னைக் கேட்டார். நான் பேசுமுன் அம்மா முந்திக்கொண்டாள். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ நிரப்பிக் கொடுத்ததில் தன்னால் வந்த பிழை என்று சிங்களத்தில் கெஞ்சினாள். அவர் அவளைப் படிக்காத கழுதை என்று வைதார். குழாயடியில் அவள் வாசிப்பைக் கேட்ட பெண்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.  எல்லாம் தெரிந்த நானும் அப்படியே நின்றேன்.

என்னை விடுவிக்கும் தாளில் கையெழுத்து வாங்கப் பேனாவை எடுத்தவர், அதை வைத்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். அம்மா பெருவிரலை அழுத்தினாள்.

வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன்.

"நீ வெளிய வந்துட்டல்ல. பேசாம நட புள்ள."

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் வழக்கம்போலக் கூடினார்கள். பொலிஸ்காரர்கள் இன்னும் தெருவில் திரிந்துகொண்டிருந்தார்கள். அம்மா பத்திரிகையை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நீ வாசி. நான் வாசிக்கிறத அவனுங்க கண்டா ஒன்னையத்தான் திரும்பக் கூட்டிட்டுப் போவானுங்க."

வாசித்தேன்.  சண்டை ஓய்ந்த பிறகும் அம்மா குழாயடியில் ஒரு நாளும் வாசிக்கவில்லை.