அக்கா வீட்டுச் சுவரில் ஒரு ஆணி

அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போகும் வாண்டு முதல் பல் போன தாத்தா வரை எல்லோருக்கும் அவள் பார்லரக்காதான். கடைக்கு வைத்த பெயர், பலகை எழுதியவருக்கே மறந்து போயிருக்கும். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்பவர்கள் நாம். பார்லரக்காவுக்குப் புருவம் போதும். போன மாதம் வேறு எந்தக் கடையில் போய் அதைத் திருத்திக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி, உங்களை நெளிய வைத்துவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்.

ஊரே அக்கா என்று கூப்பிடும் இவளை "ஏய் சின்னவளே" என்று கூப்பிட ஒரே ஒரு ஜீவன் இருந்தது. அவளுடைய சொந்த அக்கா. பள்ளித் தலைமையாசிரியை, இரண்டு தெரு தள்ளி வீடு. பெரியவள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவள் கடைப்பக்கம் வருவாள், வாசலில் நின்று குரல் கொடுப்பாள், கொண்டு வந்த டப்பாவைக் கொடுப்பாள், திரும்பிப் போய்விடுவாள். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அவளுடைய கல்யாணத்தன்று, அப்போதுதான் தொழில் கற்று முடித்திருந்த தங்கை பெட்டியும் பிரஷ்ஷுமாக ஆசை ஆசையாக வந்து நின்றபோது, "என் மூஞ்சியில கை வைக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, தானே ஏனோதானோவென்று பவுடர் அப்பிக்கொண்டு மேடையேறியவள்.

தன் தொழிலை அக்கா மட்டமாக நினைக்கிறாள் என்று பார்லரக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள்: பெரியவள் வீட்டுக் கூடத்துச் சுவர். அத்தான் விருது வாங்கும் படம், பையன் பட்டம் வாங்கும் படம், பெண் கோப்பை வாங்கும் படம் என்று யாராவது எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கும் சுவர் அது. செத்துப்போன நாய்க்குக்கூட அதில் சட்டம் போட்டு ஓர் இடம் உண்டு. தங்கையின் கைவேலை என்று சொல்ல ஒரு துரும்பு கிடையாது. நாய்க்குக் கிடைத்த மரியாதை நமக்கு இல்லையே என்று பார்லரக்கா அந்த வீட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் அந்த நாயை முறைப்பாள்.

இந்த நிலையில்தான் பெரியவள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். நடுச்சுவரில் இருந்த பழைய கடிகாரம் இறங்கியது. ஆணி மட்டும் நின்றது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க மாசக் கடைசியில வர்றாங்க. அந்த இடம் மூளியா இருக்கு. கடையில ஒரு அருவிப் படம் பாத்து வச்சிருக்கேன். பிளக்கைச் சொருகினா தண்ணி ஓடுற மாதிரியே இருக்கும்" என்றாள் பெரியவள்.

பார்லரக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த ஆணியில் ஓர் அருவி ஏறிவிட்டால் பிறகு அது இறங்கவே இறங்காது.

"அருவியெல்லாம் வேணாம்க்கா. நான் உன்னையே வரைஞ்சு தரேன். ஆயில் பெயிண்டிங்" என்று சொல்லிவிட்டாள். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

பெரியவள் சிரித்தாள். "நீ மூஞ்சி மேல வரையிறவ. மூஞ்சியை எப்படிடி வரைவ? சரி, அவங்க வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா அருவிதான்."

பார்லரக்காவின் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஓவியர் இருந்தார். தாடிக்காரர் என்று பார்லரக்கா பெயர் வைத்திருந்தாள். அந்தத் தாடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கத்தரிக்கோலை எடுக்கக் கை துறுதுறுக்கும். அவரிடம் கேட்டால் என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்வார். சொன்னார். கேன்வாஸ், பிரஷ், வண்ணக் குழாய்கள், டர்பன்டைன், ஆளி விதை எண்ணெய். "எப்படி ஆரம்பிக்கணும்னு நாளைக்கு வந்து சொல்றேன்" என்றும் சொன்னார். முகம் விஷயத்தில் தனக்கு ஒருவர் வந்து சொல்வதா? பார்லரக்கா அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள்.

எப்படி ஆரம்பிப்பாள்? தினமும் ஆரம்பிக்கிற மாதிரிதான். நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே சீராக, பளிச்சென்ற நிறத்தில் அடித்தளம் போட்டாள். மினுமினுப்பு வரட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்தாள். மேலே புருவம், இமை, உதடு. பெரியவளின் மூக்கு இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதை நிமிர்த்தினாள். கன்னத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு, அவற்றை விட்டுவிட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. யாருடைய லட்சணம் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். புருவத்தின் கறுப்பு இறங்கி இமையோடு கலந்து, படத்திலிருந்தவள் ஊரில் யாரோ இறந்துவிட்ட மாதிரி அழ ஆரம்பித்திருந்தாள். நெற்றியில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டு பொட்டாகிப் போனது. பார்லரக்கா தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்துச் சூடாக ஊதினாள். எண்ணெய் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், கல்யாணப் பெண் வியர்த்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பவுடர் டப்பாவைத் திறந்து, பஞ்சால் படம் முழுக்க ஒற்றியெடுத்தாள்.

தாடிக்காரர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னங்க மேலே, மாவா?"

"பவுடர். மேக்கப் கலையாம இருக்க."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். தாடி மட்டும் குலுங்கியது.

"மேடம், எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா கடைசியில செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சுட்டீங்க. எண்ணெய் மேல் பூச்சுக்குப் போகப் போகத்தான் கூடணும். அடியில இருக்கறது டர்பன்டைன்ல கரைச்சு, தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கணும். அப்பத்தான் காயும். கண்ணு, புருவம் எதையும் இப்ப நினைக்காதீங்க. முதல்ல வெளிச்சம் எங்க விழுது, இருட்டு எங்க இருக்கு, அவ்வளவுதான். கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க, தெரியும்."

"அதுக்கு எப்படி ஆரம்பிக்கிறது?"

"புது கேன்வாஸ் முழுக்கப் பழுப்பைத் தேய்ச்சுருங்க. அப்புறம் ஒரு துணியை எடுத்து, வெளிச்சம் விழற இடத்தை எல்லாம் துடைச்சு எடுங்க. துடைக்கத் துடைக்க முகம் வரும்."

பார்லரக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். துடைப்பதா? இத்தனை காலமாக எத்தனை முகத்தைத் துடைத்திருப்பாள்! மூக்கின் ஓரம் எவ்வளவு அழுத்தலாம், இமையின் மேல் எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாதது ஒன்றே ஒன்றுதான். ஊரார் முகமெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. சொந்த அக்காவின் முகம் இல்லை. தொட்டதே இல்லையே.

பெரியவளைப் போய் "உட்காரு" என்றால் உட்கார மாட்டாள். எனவே பார்லரக்கா தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அக்கா வீட்டுக்குப் போனாள். ஜன்னல் வெளிச்சம் பெரியவள் முகத்தில் ஒரு பக்கமாக விழும்படி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள்.

"என்னடி, உட்கார்ந்தபடியே தூங்கற?"

"இல்லக்கா."

"அப்ப கண்ணுல ஏதோ கோளாறு. இரு, சொட்டு மருந்து இருக்கு."

வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், பெரியவள் இவள் தலையைப் பிடித்துச் சாய்த்து இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டே விட்டாள். கலைக்காக இதையும் பொறுத்துக்கொண்டாள் பார்லரக்கா. மருந்தில் மங்கிய கண்ணுக்கு ஒன்று நன்றாகவே தெரிந்தது: அக்காவின் நெற்றி அகலம். மூக்கின் சாய்வால் இடக் கன்னத்தில் ஒரு நிழல் விழுகிறது. அந்த நிழல் இல்லாவிட்டால் அது பெரியவளே இல்லை.

வேலை கடையின் பின்னறையில் நடந்தது. டர்பன்டைன் நெடிக்கு ஜன்னலைத் திறந்து, காற்றாடியையும் ஓடவிட்டாள். அப்படியும் நெடி முன்னால் வந்தது. முடிக்குச் சாயம் போட வந்த ஒரு பெண்மணி, "இது என்ன புது டிரீட்மென்ட்? எனக்கும் போட்டு விடுங்களேன்" என்று நச்சரித்தாள். பஞ்சு வைத்துத் துடைத்ததில் நார் நாராக ஒட்டி, பெரியவளுக்குத் தாடி முளைத்தது. பழைய பருத்தித் துணிக்கு மாறினாள். மறுபடி பழுப்பைத் தேய்த்தாள், மறுபடி துடைத்தாள். நெற்றி வந்தது. கன்னத்து எலும்பு வந்தது. துணியின் முனையை விரலில் முறுக்கிக்கொண்டு தொட்டுத் தொட்டு எடுத்தபோது, தழும்புகளும் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தின நாள் ஆகிவிட்டது. வண்ணம் ஒன்றுகூட ஏறவில்லை. வெறும் பழுப்பு. அதிலும் அந்த மூக்கு! நிமிர்த்திவிடலாமா என்று பார்லரக்காவின் கை போனது, வந்தது, மறுபடி போனது. தொழில் புத்தி லேசில் விடுமா? துணியை மூக்கருகே கொண்டுபோன அந்த நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"வாசல்ல நின்னு தொண்டை வத்தக் கத்தறேன். காது அடைச்சுப் போச்சா?"

காற்றாடி இரைச்சலில் எதுவும் கேட்டிருக்கவில்லை. பெரியவள் பின்னறை வரைக்கும் வந்து நின்றாள். அருவிப் படத்துக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்கத்தான் வந்தவள். கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அதனால் படத்துக்குக் கிட்டே, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். மூக்கு படத்தின் மேலேயே முட்டியது.

பார்லரக்கா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "இது முடியலக்கா. இது வெறும் ஆரம்பம். இதுக்கு மேலதான் கலர் எல்லாம்..."

"மூக்கு கோணலா இருக்கு" என்றாள் பெரியவள்.

"நேராக்கிடறேன்."

"தொட்டா கையை உடைப்பேன்."

அக்காவின் குரல் தலைமையாசிரியைக் குரலாக இல்லை. பார்லரக்கா திரும்பிப் பார்த்தாள். பெரியவளின் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் பழுப்பு அப்பியிருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

"இது அப்படியே எனக்கு வேணும். இதுக்கு மேல ஒண்ணும் பூசாத" என்றாள் பெரியவள்.

"முழுசாக் காயலக்கா. சம்பந்தி வீட்டுல யாராவது சாய்ஞ்சா ஒட்டிக்கும்."

"சாயாம உட்காரட்டும்."

கன்னத்துப் பழுப்போடு தெருவில் நடக்க முடியாது. பார்லரக்கா முன்னறை நாற்காலியைத் திருப்பினாள். பெரியவள் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் தொட்ட பஞ்சை எடுத்து, "கண்ணை மூடிக்கோ" என்றாள் தங்கை. மூடிக்கொண்டாள்.

நெற்றி எவ்வளவு அகலம் என்று விரலுக்கு இப்போதுதான் தெரிந்தது. படத்தில் ஓர் இழை குறைத்துவிட்டிருந்தாள்.

"என் தொழில் உனக்கு மட்டம்னு நினைச்சுட்டேன்க்கா" என்றாள். வாய் நீளமானவளுக்கு இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருந்தது.

பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை. "பைத்தியம். நீ கை வச்சா அழகாக்கிடுவ. அது எனக்குத் தெரியும். அன்னிக்கு மட்டும் அழகா இருந்துட்டு, மறுநாள் காலையில அதைக் கழுவிட்டு அவர் எதிர்ல போய் நிக்கணுமேன்னு பயம். அதான் வேணாம்னேன்."

பார்லரக்கா நெஞ்சில் முள்ளாக வைத்திருந்தது இதுதானா? கை நிற்காமல் துடைத்துக்கொண்டிருந்தது. பழுப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. பெரியவளும் போதும் என்று சொல்லவில்லை.

"மாசம் ஒரு தடவை வரட்டுமா?" என்றாள் பெரியவள் கடைசியில்.

"வாக்கா. என்ன செய்யணும்?"

"ஒண்ணும் போடாத. இந்த மாதிரி துடைச்சு மட்டும் விடு."

பார்லரக்கா புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து எண்ணெயில் தொட்டாள்.